பழைய விதை, புதிய இயந்திரம்: கொல்லிமலைச் சாமை திரும்பி வந்த வழி

சில வருடங்களுக்கு முன்பு கொல்லிமலைக்குப் போயிருந்தபோது சோளக்காடு சந்தையில் ஒரு படி சாமை வாங்கினேன். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். கையில் அள்ளினால் ஆற்று மணல் மாதிரி விரலிடுக்கில் நழுவியது. விற்ற அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. "இது அரிசி இல்ல கண்ணு, நெல்லு. குத்தித்தான் ஆக்கணும்" என்றார். அதற்கென்ன, பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் உமி நீங்கும் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டினேன். பாதி மாவாகிவிட்டது, கால்வாசி நொய்யாகிவிட்டது, மிச்சம் உமியோடு அப்படியே கிடந்தது. புடைக்கத் தெரியாமல் புடைத்ததில் உமியோடு அரிசியும் பறந்தது. ஒரு மணி நேரம் போராடி ஒரு டம்ளர் தேற்றினேன். அந்தச் சோறும் பல்லில் நெருடியது.

பழங்குடி வேளாண்மையை மீட்க வேண்டும் என்று பேசும்போது நாம் எல்லோரும் வயலையே பார்க்கிறோம். விதை, உரம், தண்ணீர், பூச்சி. கொல்லிமலையில் சாமை அடி வாங்கியதில் பெரும்பங்கு வீட்டு முற்றத்தில், உரலடியில் நடந்தது. எனக்கு இது அந்த மிக்ஸிக்குப் பிறகுதான் உறைத்தது.

"பாரம்பரிய முறையும் நவீன வேளாண்மையும் கைகோக்க வேண்டும்" என்ற வாக்கியத்தை வேளாண் கூட்டங்களில் நூறு முறையாவது கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்படிக் கோப்பது? பாதி யூரியா, பாதி சாணி என்று கலப்பதா? பழைய விதையை வாங்கி டிராக்டரில் விதைப்பதா? இந்தக் கருத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் எளிய விளக்கம் ஒன்றுதான். ஓர் ஊரின் விவசாயத்தில் எந்த வேலையை அந்த ஊர் அறிவே நன்றாகச் செய்கிறது, எந்த இடத்தில் ஆட்களின் முதுகு ஒடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நன்றாக நடப்பதைக் கலைக்கக் கூடாது. முதுகு ஒடியும் இடத்தில் புதியதைக் கொண்டுவர வேண்டும். கொல்லிமலையை வைத்துச் சொன்னால் இது விளங்கும்.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறிவிட்டால் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக ஊர்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று ஊராட்சிப் பெயர்களிலேயே 'நாடு' ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் தெரியும். அதைத் தாண்டிக் கொல்லைகளைப் பார்ப்பவர்கள் குறைவு.

இங்கே பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலைக்காரர்கள் என்று பொருள். பேசுவது தமிழ்தான். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைகளிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

நாம் 'சாமை' என்று ஒரே பெயரில் முடித்துக்கொள்வதை இவர்கள் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று பிரித்துச் சொல்வார்கள். தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, கருமுழியன், இன்னும் சில. இதுபோக வரகு, பனிவரகு.

எதற்கு இத்தனை என்று கேட்கத் தோன்றும். சில ரகம் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும், சில ரகம் ஐந்து மாதம் நிற்கும். மழை சீக்கிரம் வந்தால் ஒன்று, தள்ளிப்போனால் இன்னொன்று. சரளை மண் தாங்குவது ஒன்று, கொஞ்சம் ஈரம் கேட்பது ஒன்று. கதிரில் மயிர் நீண்ட தினையைக் குருவிகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. சிலவற்றின் தட்டை மாட்டுக்குப் பிடிக்கும். சிலவற்றின் சோறு மனிதர்களுக்குப் பிடிக்கும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று ரகம் போட்டு வைத்தால் ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கஞ்சிக்காவது ஆகும். நீர்ப்பாசனம் இல்லாத சரிவு நிலத்தில் பயிர்க் காப்பீடு என்பதே இதுதான். பிரீமியம் கட்ட வேண்டியதில்லை.

கேழ்வரகோடு அவரை, துவரை, கடுகு சேர்த்து விதைப்பதும் அப்படித்தான். அவரை, துவரை போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உணவாக மாற்றித் தருவது அதன் வேலை. பாக்டீரியா என்ற சொல் மலைக்கு வருவதற்கு முன்பே, அவரை போட்ட இடத்தில் அடுத்த பயிர் தெளிவாக வருகிறது என்பது அங்கே தெரிந்திருந்தது.

அறுவடைக்கு முன் கொல்லைக்குள் போய், நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அந்த விதையும் தானியமும் தொம்பைக்குள் போகும். மூங்கிலைப் பின்னி மண் பூசிய குதிர் அது. கேழ்வரகு அதில் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

இதுவரை சொன்னதில் எதையும் திருத்த வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கட்சி. அப்படியானால் ஏன் போயிற்று?

கிழங்கு, ரேஷன், உலக்கை

முதல் காரணம் மரவள்ளி. அதுவும் ஒரு காலத்தில் 'நவீனப் பயிர்'தான். தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு. திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பின்னால் சேலம், நாமக்கல் வட்டாரம் முழுக்க ஆலைகள் வந்தன. 1981இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. பாரம்பரியம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. மிளகாயும் மக்காச்சோளமும்கூடக் கப்பல் ஏறி வந்தவைதான். எந்தத் தலைமுறையில் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

மலைக்குப் பாதை வந்ததும் மரவள்ளி மேலே ஏறிவிட்டது. அதற்கு முன்பணம் கொடுக்க வியாபாரி இருந்தார். பிடுங்கினால் ஏற்றிப்போக லாரி இருந்தது. குருவி விரட்ட வேண்டாம், கதிர் அடிக்க வேண்டாம், குத்த வேண்டாம். பணம் கையில் வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் சாமையைக் கொடுத்தால் ஆகாது, பணம்தான் வேண்டும். மரவள்ளிக்கு மாறியவர்களைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ. அதற்கு முன்பும் கிலோ ஒரு ரூபாய்தான். பசி ஆறியது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பக்கத்துக் கடையில் வெந்துவிடத் தயாரான அரிசி சும்மா கிடைக்கும்போது, சாமைக்கு முன் நிற்கும் வேலையைப் பாருங்கள்.

கேழ்வரகு பிரச்சினை இல்லாத தானியம். அடித்தால் உமி உதிர்ந்துவிடும், நேராக மாவாக அரைக்கலாம். சாமை, தினை, வரகு, பனிவரகு அப்படி இல்லை. கெட்டியான உமி தானியத்தை இறுகப் பிடித்திருக்கும். ஆயிரம் நெல்மணி இருபது கிராம் அளவில் இருந்தால் ஆயிரம் சாமை மணி இரண்டு, இரண்டரை கிராம்தான் இருக்கும். அவ்வளவு பொடி. அதைக் காயவைத்து, உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததைத் திரும்ப உரலில் போட்டு, திரும்பப் புடைத்து, கல் பொறுக்கி, அதன் பிறகுதான் உலை. ஓங்கிக் குத்தினால் நொய்யாகும், மெதுவாகக் குத்தினால் உமி நீங்காது. அந்தப் பக்குவம் கைக்கு வர வருடங்கள் ஆகும். நாள் முழுக்கக் காட்டு வேலை செய்துவிட்டு வந்த பெண்ணே இதையும் செய்ய வேண்டும். ஆண்கள் உலக்கை பிடித்த கதை அதிகம் கேட்டதில்லை.

அடுத்த விதைப்புக்குச் சாமை வேண்டுமா, மரவள்ளி போதுமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது உலக்கை பிடித்த கை எதற்கு ஓட்டுப் போட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குத்துவது நின்றது. குத்துவது நின்றதும் உண்பது நின்றது. உண்ணாத தானியத்தை எதற்கு விதைப்பது? விதைக்காத விதை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

எங்கே கை வைத்தார்கள்

எம்.எஸ். சுவாமிநாதன் பெயரைச் சொன்னால் பசுமைப் புரட்சிதான் நினைவுக்கு வரும். கும்பகோணத்தில் 1925இல் பிறந்து 2023 செப்டம்பரில் மறைந்தவர். அதிக விளைச்சல் தரும் கோதுமை, நெல் ரகங்களை இந்தியாவில் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த அலையில்தான் சிறுதானியங்கள் ஓரங்கட்டப்பட்டன. அதே மனிதர் 1987இல் கிடைத்த உலக உணவுப் பரிசுத் தொகையைக் கொண்டு அடுத்த வருடமே சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலைக்கு வந்து சாமை விதையைத் தேடத் தொடங்கியது. இதை முரண் என்பவர்கள் உண்டு. முன்பு விட்டுப்போனதைச் செய்ய வந்தார் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

அந்த நிறுவனம் நான்கு வேலைகளைச் சேர்த்துப் பார்த்தது: விதையைக் காப்பது, பயிரிடுவது, உண்பது, விற்பது. ஒன்றை மட்டும் பிடித்தால் மற்றது கழன்றுவிடும் என்பது அவர்களின் கணக்கு. விதையைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துக் காப்பாற்றலாம். உண்ண ஆள் இல்லையென்றால் அது குப்பியிலேயே கிடக்கும்.

இதில் என் பார்வையில் மிக முக்கியமானது உமி நீக்கும் இயந்திரம் ஊருக்குள் வந்ததுதான். அரவை இயந்திரங்களையும் உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊரிலேயே நிறுவி, மகளிர் சுய உதவிக் குழுக்கள் கையில் கொடுத்தார்கள். நெல் அரைக்கும் ரப்பர் உருளை இயந்திரம் சாமைக்கு ஆகாது. மணி பொடியாக இருப்பதால் உருளைப் பிடியில் சிக்காது. அதனால் இதற்கென்று வேறு வகை உண்டு. வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தைச் சுற்றுச்சுவரில் வீசி அடிக்கும். அடிபட்டதில் உமி வெடித்துக் கழலும். விசிறி உமியை ஊதித் தள்ள, அரிசி கீழே இறங்கும். அவ்வளவுதான் தத்துவம். உரலில் உலக்கை செய்ததை இங்கே சுவர் செய்கிறது.

கேட்க எளிது. ஓட்டிப் பார்த்தால் தலைவலி. தானியம் அதிகம் காய்ந்திருந்தால் நொறுங்கும், ஈரமாக இருந்தால் உமி கழலாது. கல்லும் தூசும் முதலில் போக வேண்டும். சல்லடை அடைத்துக்கொள்ளும். பழுது பார்க்கும் ஆள் 70 வளைவு ஏறி வர வேண்டும். மின்சாரம் இருக்க வேண்டும். ஆனாலும் அரை நாள் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. உலக்கையை இறக்கி வைத்த கைக்குச் சாமை மேல் கோபம் குறைகிறது. நவீனம் என்றால் ட்ரோன், செயலி என்று நினைக்கிறோமே, இங்கே அது ஒரு மோட்டாரும் விசிறியும்தான்.

வயலிலும் சிலது மாறியது. முன்பெல்லாம் சாமையைக் கைவீச்சில் தெளிப்பார்கள். ஓர் இடத்தில் அடர்ந்து நிற்கும், ஓர் இடத்தில் வெற்றாகக் கிடக்கும். களை எடுக்க உட்கார்ந்தால் எது களை, எது பயிர் என்று தேட வேண்டும். வரிசை விதைப்பு இதைச் சரிசெய்தது. சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்தால் ஓடும் மழைநீரும் கொஞ்சம் நின்று இறங்கும். விதை பொடி என்பதால் மணலோடு கலந்து விதைத்தால் சீராக விழும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஒரு ஹெக்டேருக்குத் தூவ 12.5 கிலோ, வரிசையில் விதைக்க 10 கிலோ. மிச்சம் இரண்டரை கிலோ விதை பெரிய லாபம் இல்லை. வரிசைக்கு நடுவே களைக்கருவி தள்ளிக்கொண்டு போக முடிகிறது என்பதுதான் லாபம். குனிந்து எடுத்த வேலை நிமிர்ந்து நடக்கும் வேலையாகிறது. அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உரத்தில் விதையை நேர்த்தி செய்வதும் உண்டு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. செலவு குறைவு, கெடுதல் இல்லை.

விதைத் தேர்வுதான் சுவாரசியமானது. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்தை உருவாக்கி, 'இது நல்லது, போடுங்கள்' என்று கொடுப்பது வழக்கமான முறை. இங்கே மலை ரகங்களையே விவசாயிகளின் நிலத்தில் பக்கம் பக்கமாக விதைத்து, அவர்களையே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நடந்தது. விஞ்ஞானி எடை போடுவார். விவசாயி கதிரைக் கசக்கிப் பார்ப்பார், தட்டையை ஒடித்துப் பார்ப்பார், சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், கடைசியில் சோறாக்கிப் பார்ப்பார். எடை போட்டதில் முதலில் வந்த ரகம் சோற்றில் தோற்றுப்போவதும் உண்டு. இரண்டு கணக்கும் ஒரே தாளில் ஏறும்போதுதான் இணைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது.

அப்புறம் விதை வங்கி. இங்கேயும் பழைய தொம்பைதான், பழைய வழக்கம்தான். விதைப்புக்கு ஒரு படி வாங்கினால் அறுவடை முடிந்ததும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தது பதிவேடும் முளைப்புச் சோதனையும். ஈரத் துணியில் நூறு விதையைச் சுருட்டி வைத்து, சில நாளில் எத்தனை முளைத்தது என்று எண்ணுவார்கள். தொண்ணூறு முளைத்தால் நிம்மதி. நாற்பது முளைத்தால் விதைப்புக்கு முன்பே உஷாராகிவிடலாம்.

இதே ரகங்களைக் குளிர் அறையிலும் சேமிக்கிறார்கள். டெல்லியில் இருக்கும் தேசிய மரபணு வங்கியில் விதைகள் மைனஸ் 18 டிகிரியில் உறங்குகின்றன. அப்படியிருக்க ஊர் விதை வங்கி எதற்கு? குளிர் அறை விதை, வைத்த நாளில் இருந்தபடியே இருக்கும். கொல்லையில் விதைக்கப்படும் விதை ஒவ்வொரு வருடமும் அந்த வருட மழையையும் பூச்சியையும் சந்தித்து, தாங்கியது மட்டும் அடுத்த வருடத்துக்குப் போகும். ஒன்று சேமிப்புக் கணக்கு, இன்னொன்று புழங்கும் பணம். இரண்டும் வேண்டும்.

பழையதே முந்திக்கொண்ட ஓர் இடம்

இணைப்பு என்றதும் பழையது வாங்கிக்கொள்ளும், புதியது கொடுக்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்கு மாறாக ஒன்று. கர்நாடகத்தின் ஹாவேரி பக்கம் கேழ்வரகுக்குக் 'குளி' முறை என்று ஒன்று இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து, சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் கோடுகள் வெட்டும் இடத்தில் குழி எடுத்து, எருவிட்டு, ஒன்றிரண்டு நாற்று நடுவார்கள். பயிர் கொஞ்சம் எழுந்ததும் ஒரு மரக்கட்டையை மாட்டில் பூட்டி அதன் மேலேயே இழுத்துவிடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பதறும். நட்ட பயிரை அமுக்கி மடக்குகிறார்களே! மடங்கிய நாற்று சில நாளில் எழும். எழும்போது பக்கத்தில் தூர் கட்டிக்கொண்டு எழும். நுனி மேல்நோக்கி வளரும் வேகத்தைக் கொஞ்சம் தடுத்தால் அடியிலிருந்து கிளைகள் கிளம்பும் என்பது தாவரவியல்.

நெல்லில் ஒற்றை நாற்று நடவு என்று நாம் இன்று சொல்லும் முறை 1980களில் மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து வடித்தது. குறைந்த நாற்று, அகல இடைவெளி, இடை உழவு. ஹாவேரி விவசாயிகளின் குளி முறையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. அது எங்கிருந்தோ கற்றுக்கொண்டதில்லை.

பூச்சி வந்தபோது

மரவள்ளியை வில்லனாக்கி முடித்துவிடவும் முடியாது. அது மலைக்குப் பணம் கொண்டுவந்த பயிர், இன்றும் இருக்கிறது. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஒரு புதுவகை மாவுப்பூச்சி சீக்கிரமே நாமக்கல், சேலம் மரவள்ளிக் காடுகளுக்கு வந்துவிட்டது. நுனிக்குருத்து சுருங்கி, முடிச்சு விழுந்த மாதிரி ஆகிவிடும். தென் அமெரிக்கப் பூச்சி. இங்கே அதை உண்ணும் எதிரி கிடையாது. ஊர் அறிவில் இதற்கு மருந்து இருக்க வழியே இல்லை, ஏனென்றால் ஊர் இதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை.

ஆப்பிரிக்காவில் 1970களில் இதே பூச்சி இதே பயிரைச் சூறையாடியது. அப்போது பூச்சியின் தாயகத்துக்கே போய், அதன் உடலுக்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒரு சின்னஞ்சிறு குளவியைத் தேடிப் பிடித்து வந்து விட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, சோதித்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கி வயல்களில் விட்டார்கள்.

நவீன அறிவியல் என்றால் ரசாயனம் என்று பொருள்கொண்டு விலகி நிற்கும் நண்பர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன். கண்டம் தாண்டிக் குளவியைத் தேடுவது எந்த ஊர் மூத்தவராலும் முடியாது. ஆராய்ச்சி நிலையத்தால் முடியும். அப்படி விட்ட குளவி பிழைக்க, கண்டபடி மருந்து அடிக்காத கொல்லை வேண்டும். அது மட்டும் விவசாயி கையில் இருக்கிறது.

ஒட்டாத இடங்கள்

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை.

இயந்திரத்துக்கு ஒரே அளவு மணி பிடிக்கும். சுழலும் வேகத்தை ஓர் அளவுக்கு வைத்தால் அதைவிடப் பெரியது நொறுங்கும், சிறியது உமியோடு தப்பும். கடைக்காரருக்கு ஒரே நிறம் பிடிக்கும். ஆறு வகைச் சாமையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனால் 'கலப்படம்' என்பார். ஆக, சாமையைக் காப்பாற்ற வந்த இயந்திரமும் சந்தையும் சேர்ந்து, ஆறில் ஒரு சாமையை மட்டும் வாழவைத்து மற்ற ஐந்தையும் மெல்ல ஓரங்கட்டிவிடக் கூடும். ரகம் வாரியாகத் தனித்தனியாக அரைக்க, சிறிய இயந்திரங்கள் பல ஊர்களில் இருப்பது இதற்கு ஒரு வழி. பெரிய ஆலை ஒன்று வந்தால் செலவு குறையும், ரகங்களும் குறையும். எனக்குச் சிறியதுதான் சரி என்று படுகிறது. முதலீடு போடுபவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

தவிட்டையும் சொல்ல வேண்டும். சாமையில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் இருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சடித்துவிட்டு, வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே தீட்டித் தள்ளுகிறார்கள். மேல் தவிட்டோடு பாதிச் சரக்கு போய்விடும். கடையில் பளிச்சென்ற சாமையைப் பார்த்தால் தள்ளி வைத்துவிட்டு, கொஞ்சம் மங்கலாக இருப்பதை எடுங்கள். சீக்கிரம் வண்டு விழும், அதனால் கொஞ்சமாக வாங்குங்கள். கேழ்வரகில் இந்தத் தொல்லை இல்லை. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். அதை எளிதில் தீட்டிவிட முடியாது.

இந்திய அரசு 2018இல் சிறுதானியங்களுக்கு ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று பெயர் மாற்றியது. 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விலை ஏறியது, நகரத்தில் மவுசு வந்தது. விளைவு, சாமையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ரேஷன் அரிசிச் சோறு உண்ணும் வீடுகள் மலையில் இருக்கின்றன. அது தவறு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நான்கு வேலைகளில் 'உண்பது' என்ற ஒன்று மறுபடி கழலத் தொடங்குகிறது. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கைக்கு எட்டும் கடையிலேயே தானியம் கிடைப்பது என்ற வகையில், ஆண்டு அறிவிப்புகளைவிட எனக்கு அது பெரிய செய்தி.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது தொடங்க நினைத்தால், பட்டறை, கண்காட்சி எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் நான்கு பேரைத் தேடிப் போங்கள். முன்பு என்ன விதைத்தீர்கள் என்று கேட்டால் பெயர்ப் பட்டியல் கிடைக்கும், அதுவும் வேண்டும்தான். அதோடு, அதை ஏன் விட்டீர்கள் என்றும் கேளுங்கள். ஒருவர் தண்ணீர் என்பார், ஒருவர் குருவி என்பார், ஒருவர் கூலி என்பார், ஒருவர் தோள்பட்டையைத் தடவிக்கொள்வார். எந்தப் புதிய பொருள் வாங்க வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

போன தடவை மலைக்குப் போனபோது சாமை மறுபடி வாங்கினேன். இந்த முறை குழுப் பெண்கள் அரைத்துக் கட்டிய அரிசி, அரைக் கிலோப் பொட்டலம். வீட்டுக்கு வந்து தட்டில் கொட்டினேன். மங்கலான நிறம், இடையிடையே நாலைந்து உமி நீங்காத மணிகள். பொறுக்கிப் போட்டுவிட்டு உலை வைத்தேன்.